இயேசு தான் பிதாவா? மல்லாவித் தங்கச்சிக்கு ஒரு நீண்ட பதில்

தங்கச்சி, நீங்கள் கேட்டதை வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் விளங்கட்டும் எண்டு முதல்ல சுருக்கமாச் சொல்லிப்போட்டுத் தொடங்குறன். நீங்கள் மீள்குடியேறி மல்லாவிக்கு வந்தாப் பிறகு ஒரு சபையில சேந்து, குளத்தில பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தனீங்கள். இப்ப உங்கட மச்சாள் குடும்பம் 'இயேசு நாமம்' எண்டு சொல்லுற ஒரு ஐக்கியத்துக்குப் போகினம். அவை வந்து திரித்துவம் (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி எண்ட மூண்டு பேராயும் இருக்கிறவர் ஒரே தேவன் எண்ட உபதேசம்) வேதத்தில இல்லை, பிதாவும் இயேசுவும் ஒரே ஆள்தான், இயேசுவின் நாமத்தில திருப்பி ஞானஸ்நானம் எடுக்காட்டி பரலோகம் இல்லை எண்டு சொல்லி வசனங்களையும் எழுதித் தந்திட்டுப் போயிருக்கினம். அதோட, 2009இல முள்ளிவாய்க்கால்ல செத்துப்போன உங்கட அப்பா மெதடிஸ்த சபையில பழைய முறையில ஞானஸ்நானம் எடுத்தவர், அப்ப அவர் எங்க போனார் எண்டும் கேட்டிருக்கிறியள்.

அப்பான்ர கேள்விக்கு முதல்ல பதில் சொல்லுறன், ஏனெண்டா அதை நெஞ்சில வச்சுக்கொண்டு மற்றதுகளை நீங்கள் ஆறுதலா வாசிக்க மாட்டியள். சிலுவையில இயேசுவுக்குப் பக்கத்தில தொங்கின கள்ளன் எந்தத் தண்ணியிலயும் இறங்கேல்ல, ஆற்ற நாமத்தையும் சொல்லி ஆரும் அவனை முழுக்காட்டேல்ல, ஆனா 'இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்' எண்டு கர்த்தர் சொன்னவர் (லூக்கா 23:43). கொர்நேலியு வீட்டில பேதுரு பேசிக்கொண்டு இருக்கேக்கயே, ஞானஸ்நானத்துக்கு முதலே, பரிசுத்த ஆவி இறங்கினார் (அப்போஸ்தலர் 10:44). கொரிந்துவில கட்சி பிரிஞ்சு சண்டை பிடிச்ச ஆக்களுக்குப் பவுல் 'ஞானஸ்நானத்தைக் கொடுக்கும்படி கிறிஸ்து என்னை அனுப்பவில்லை, சுவிசேஷத்தைப் பிரசங்கிக்கவே அனுப்பினார்' எண்டு எழுதினவர். ஞானஸ்நானம் கட்டளை, அதைச் சும்மா ஒரு சடங்கெண்டு நான் சொல்ல வரேல்ல. ஆனா கிறிஸ்துவை நம்பிச் செத்த ஒரு மனுசனை, தண்ணியில நிக்கேக்க ஐயர் சொன்ன சொல்லு இது இல்லை அது எண்டு சொல்லித் தள்ளிவிடுற தேவனை நான் வேதத்தில ஒரு இடத்திலயும் காணேல்ல. உங்கட அப்பாவை அந்தக் கணக்கில ஆரும் எடுத்து உங்களைப் பயப்படுத்தினா, அது சுவிசேஷம் இல்லை எண்டு தெளிவாச் சொல்லுங்கோ.

இனி விஷயத்துக்கு வருவம்.

எங்கட பக்கத்தில கன பேர் இந்த ஐக்கியத்தையும் யெகோவா சாட்சிகளையும் ஒண்டாப் போட்டுக் குழப்புகினம். ரெண்டும் நேர் எதிர். யெகோவா சாட்சிகள் இயேசு தேவன் இல்லை, படைக்கப்பட்டவர் எண்டு சொல்லுறவை. இயேசு நாமம் ஆக்கள் இயேசு முழுக்க முழுக்கத் தேவன், அவரே பிதா, அவரே பரிசுத்த ஆவி எண்டு சொல்லுறவை. இது விளங்காததால எங்கட சபை ஆக்கள் அவையோட வாதாடேக்க 'ஆதியிலே வார்த்தை இருந்தது' எண்டதையும் தோமா சொன்ன 'என் ஆண்டவரே, என் தேவனே' எண்டதையும் எடுத்து அடுக்குவினம், அவை எல்லாத்துக்கும் ஆமென் சொல்லிப்போட்டுச் சிரிச்சுக்கொண்டு இருப்பினம், ஏனெண்டா அதைத்தானே அவையும் நம்புகினம். அதேமாதிரி அவை உங்களுக்கு எழுதித் தந்த வசனங்களைப் பாருங்கோ, ஒண்டில் தேவன் ஒருவர் எண்டு சொல்லும், இல்லாட்டி இயேசு தேவன் எண்டு சொல்லும். ரெண்டையும் திரித்துவத்தை நம்புற நாங்களும் அப்பிடியே நம்புறம். அப்ப சண்டை எதில? பிதாவும் குமாரனும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து 'நீர்', 'நான்' எண்டு உண்மையாச் சொல்லக்கூடிய ரெண்டு பேரா, இல்லாட்டி ஒரே ஆள் ரெண்டு விதமா வெளிப்பட்டவரா எண்ட ஒரேயொரு கேள்வியில தான். இந்தக் கேள்வியை விட்டு விலகிப் போற எந்த வசனத்தைச் சொன்னாலும், அது ஆர் சொன்னாலும், பிரயோசனம் இல்லை.

அவையில சரியாயிருக்கிறதையும் சொல்லத்தான் வேணும். உபாகமம் 6:4, 'இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்'. இதில கை வைக்க ஏலாது. இயேசுவிட்ட பிரதான கட்டளை எதெண்டு கேட்கேக்க அவரும் இதைத்தான் முதல்ல சொன்னவர் (மாற்கு 12:29). ஏசாயா 44:24இல கர்த்தர் தானே ஒருவராய் வானங்களை விரிச்சதெண்டு சொல்லுறார், 43ஆம் அதிகாரத்தில தனக்கு முன்னம் உண்டான தேவனும் இல்லை, பின்னுக்கு இருக்கப்போறவரும் இல்லை எண்டு சொல்லுறார். ஆனா எங்கட சனம் உண்மையில எப்பிடி நினைக்குது? வீட்டில மாட்டியிருக்கிற படத்தில வெள்ளைத் தாடியோட ஒரு கிழவர், பக்கத்தில இயேசு, மேல ஒரு புறா. அதைப் பாத்து வளர்ற பிள்ளைக்கு மேலோகத்தில மூண்டு பேர் கமிட்டி வச்சு முடிவெடுக்கினம் எண்ட எண்ணம் தானே வரும். சைவ அயலட்டைச் சனம் 'உங்களுக்கும் எங்களைப்போல மும்மூர்த்தி தானே' எண்டு கேட்டா எங்கட ஆக்கள் கன பேருக்குப் பதில் சொல்லத் தெரியாது. சிலர் ஓம் எண்டும் சொல்லிவிடுவினம்! தேவனுக்கு ஒரு சித்தம், ஒரு வல்லமை, ஒரு தன்மை எண்டு எங்கட பிரசங்கங்கள்ல அழுத்திச் சொல்லாமல் விட்டதால தான் 'இவை மூண்டு தேவன்களைக் கும்பிடுகினம்' எண்டு ஒருத்தர் வந்து சொன்ன உடன எங்கட சனம் ஆடிப்போகுது. இந்த வைராக்கியத்துக்காக அந்த ஆக்களை நான் மதிக்கிறன்.

அப்ப திரித்துவம் என்ன சொல்லுது? தேவன் ஒருவர். அந்த ஒரே தேவனாகவே பிதா நித்தியமா இருக்கிறார், குமாரன் இருக்கிறார், பரிசுத்த ஆவி இருக்கிறார். பிதா குமாரன் இல்லை, குமாரன் ஆவி இல்லை. மூண்டு பேரும் தேவனைப் பங்கு போட்டு எடுத்தவையும் இல்லை, ஒவ்வொருத்தரும் முழுத் தேவன். கத்தோலிக்க ஆக்கள் ஞானோபதேசத்தில தமதிரித்துவம் எண்டு படிப்பினம், எங்கட பக்கம் திரியேக தேவன் எண்டு சொல்லுவம், விஷயம் ஒண்டு தான். மூண்டு தேவன் சேர்ந்து ஒரு தேவன் எண்டும் நாங்கள் சொல்லேல்ல, மூண்டு ஆள் சேர்ந்து ஒரு ஆள் எண்டும் சொல்லேல்ல, அப்பிடிச் சொன்னாத்தான் கணக்குப் பிழைக்கும்.

சண்டே ஸ்கூல்ல ஒரு உதாரணம் சொல்லிக் குடுக்கினம், தண்ணி ஐஸா இருக்கும், தண்ணியா இருக்கும், ஆவியாவும் இருக்கும், அதுமாதிரித்தான் திரித்துவம் எண்டு. தயவுசெய்து அதைச் சொல்லிக் குடுக்காதேங்கோ. ஒரே பொருள் மூண்டு விதமா வெளிப்படுது எண்டது இயேசு நாமம் ஆக்கள் சொல்லுற உபதேசத்துக்குத்தான் கிட்ட. நாங்களே பிள்ளையளுக்கு அதைப் படிப்பிச்சுப்போட்டு, பிறகு அவை பெரிசா வளந்து அங்க போனாப்போல ஏன் போனீங்கள் எண்டு கேட்டா என்ன நியாயம்?

இனி அவை தந்த வசனங்கள். ஏசாயா 9:6இல பிறக்கப்போற பாலகனுக்கு 'நித்திய பிதா' எண்டு பேர் இருக்குத் தானே, அப்ப இயேசு தான் பிதா எண்டது அவையின்ர வாதம். இது அவையின்ர பலமான வசனங்கள்ல ஒண்டு, நான் மறுக்கேல்ல. ஆனா அதே ஏசாயா 22ஆம் அதிகாரத்தில எலியாக்கீம் எண்ட அரண்மனை அதிகாரியைப் பற்றிச் சொல்லேக்க, அவன் எருசலேமின் குடிகளுக்குத் தகப்பனாயிருப்பான் எண்டு வருது. ராசாவோ அதிகாரியோ சனத்தைத் தகப்பன் மாதிரித் தாங்குறதை ஏசாயா அப்பிடித்தான் சொல்லுவார். 9:6 கிறிஸ்து எங்களுக்கு என்னவா இருக்கிறார் எண்டு சொல்லுது, பிதாவுக்கு அவர் ஆர் எண்டு சொல்லேல்ல. அதைச் சொல்லுற பகுதியும் அந்த வசனத்திலயே முன்னுக்கு இருக்கு: 'நமக்கு ஒரு குமாரன் கொடுக்கப்பட்டார்'. ஆரோ ஒருத்தர் குடுத்திருக்கிறார்.

'நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்', யோவான் 10:30. உண்மையைச் சொன்னா இந்த ஒரு வசனத்தை மட்டும் வச்சு நாங்களும் பெரிசா ஒண்டும் கட்ட ஏலாது, அவையும் கட்ட ஏலாது. ஏனெண்டா 17ஆம் அதிகாரத்தில 'நாம் ஒன்றாயிருக்கிறதுபோல' சீஷர்களும் ஒண்டாயிருக்க வேணுமெண்டு இயேசு ஜெபிக்கிறார், சீஷர் எல்லாரும் ஒரே ஆளா மாற வேணுமெண்டா கேட்டவர்? 10ஆம் அதிகாரத்தைத் தொடர்ந்து வாசிச்சா, கல்லெறிய வந்த யூதர்களுக்கு அவர் தன்னைப் பிதா பரிசுத்தமாக்கி உலகத்துக்கு அனுப்பினவர், தேவனுடைய குமாரன் எண்டு தான் விளங்கப்படுத்துறார். நான்தான் பிதா எண்டு சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் வேற இல்லை, ஆனா சொல்லேல்ல.

கொலோசெயர் 2:9, தேவத்துவத்தின் பரிபூரணமெல்லாம் கிறிஸ்துவுக்குள்ள. ஆமென், நாங்களும் அதைத்தான் சொல்லுறம். அதே நிருபத்தின்ர தொடக்கத்திலயே பவுல் 'நம்முடைய கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவின் பிதாவாகிய தேவனை' ஸ்தோத்திரிக்கிறார் எண்டதையும் சேர்த்து வாசியுங்கோ.

'என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்' எண்ட யோவான் 14:9ஐத்தான் உங்கட மச்சாள் திருப்பித் திருப்பிச் சொன்னவ எண்டு எழுதியிருக்கிறியள். அந்த அதிகாரத்தை மூடாமல் கீழ வாசிச்சுக்கொண்டு போனாக் காணும். 16ஆம் வசனத்தில 'நான் பிதாவை வேண்டிக்கொள்ளுவேன்', பிதா 'வேறொரு தேற்றரவாளனை', அதாவது பரிசுத்த ஆவியை, தருவார் எண்டு வருது. கேட்கிறவர் ஒருத்தர், குடுக்கிறவர் ஒருத்தர், வாறவர் இன்னொருத்தர். 23ஆம் வசனத்தில, இயேசுவில அன்பா இருக்கிறவனிட்ட 'நாங்கள்' வந்து வாசம்பண்ணுவம் எண்டு சொல்லுறார், 28இல பிதா என்னிலும் பெரியவர் எண்டு சொல்லுறார். குமாரனைப் பாத்தா பிதாவைப் பாத்தமாதிரி, ஏனெண்டா பிதா எப்பிடியோ குமாரனும் அப்பிடியே, ஒரே தன்மை. ஆனா அவரே இவர் எண்டா இந்த அதிகாரத்தில பாதி வசனம் சும்மா நடிப்பாப் போயிடும்.

இதுக்கு அவையிட்ட ஒரு பதில் இருக்கு, அதையும் நேர்மையாச் சொல்லவேணும், ஏனெண்டா நீங்கள் கேட்டா அவை உடன இதைத்தான் சொல்லுவினம். இயேசுவுக்கு மனுசத்தன்மையும் இருக்கு தேவத்தன்மையும் இருக்கு, மனுசத்தன்மை தேவத்தன்மையைப் பாத்து ஜெபிச்சது, குமாரன் எண்டது அந்த மாம்சம், பிதா எண்டது அதுக்குள்ள இருந்த தேவன் எண்டு. யோர்தான்ல இயேசு தண்ணியில நிக்க, ஆவி புறாவைப்போல இறங்க, 'இவர் என்னுடைய நேசகுமாரன்' எண்டு வானத்திலயிருந்து சத்தம் வந்ததைச் சொன்னாலும், தேவன் எல்லா இடத்திலயும் இருக்கிறவர், ஒரே நேரத்தில மூண்டு விதமா வெளிப்பட அவரால ஏலாதா எண்டு கேட்பினம். கெத்செமனேயில 'என்னுடைய சித்தத்தின்படியல்ல' எண்டு ஜெபிச்சதுக்கும் அதே மனுசத்தன்மைப் பதில்தான். கேட்க நல்லா இருக்கும், கன பேர் இந்த இடத்தில தான் வாயடைச்சுப் போறவை.

ஆனா யோவான் 8:17, 18ஐ எடுத்துப் பாருங்கோ. இயேசு தனக்குச் சாட்சி சொல்லேக்க நியாயப்பிரமாணத்தைச் சொல்லுறார்: 'இரண்டுபேருடைய சாட்சி உண்மையென்று' எழுதியிருக்கு, நான் என்னைப் பற்றிச் சாட்சி குடுக்கிறன், என்னை அனுப்பின பிதாவும் குடுக்கிறார் எண்டு. கோட்டுக்குப் போன ஆக்களுக்குத் தெரியும், ஒரே ஆள் முதல் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து சாட்சி சொல்லிப்போட்டு, பிறகு வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து சொன்னா அது ரெண்டு சாட்சி இல்லை. அப்பிடிச் செய்தால் அது ஏமாத்து. பிதாவும் குமாரனும் ஒரே ஆள் எண்டா கர்த்தர் அந்த இடத்தில சொன்ன நியாயம் நிக்காது. அவர் நியாயப்பிரமாணத்தை விளையாட்டுக்கு இழுக்கிறவர் இல்லை.

அடுத்தது யோவான் 17, என்னைப் பொறுத்தவரை முழு விஷயமும் முடிவாகிற இடம் இதுதான். 'பிதாவே, உலகம் உண்டாகிறதற்கு முன்னே உம்மிடத்தில் எனக்கு உண்டாயிருந்த மகிமையினாலே இப்பொழுது நீர் என்னை உம்மிடத்திலே மகிமைப்படுத்தும்'. உலகம் உண்டாக முன்னம் மனுசத்தன்மை எங்க இருந்தது? மரியாளின்ர வயித்தில மாம்சமாக முன்னம் மாம்சமே இல்லை. அப்ப அந்த மகிமை ஆருக்கு உண்டாயிருந்தது, ஆரிட்ட உண்டாயிருந்தது? மனுசத்தன்மை ஜெபிச்சது எண்ட பதில் இந்த இடத்துக்கு வந்து சேராது. அதே அதிகாரம் 24ஆம் வசனத்தில, உலகத்தோற்றத்துக்கு முன்னமே நீர் என்னில அன்பா இருந்தனீர் எண்டும் சொல்லுறார்.

அவையில படிச்ச ஊழியர் ஒருத்தர் இருந்தா, அது தேவனுடைய திட்டத்தில இருந்த மகிமை, முன்னறிவில இருந்தது, ஆட்டுக்குட்டி உலகத்தோற்றமுதல் அடிக்கப்பட்டது எண்டு வெளிப்படுத்தல் 13:8இல சொல்லுறமாதிரி எண்டு பதில் சொல்லுவார். வேதத்தில அப்பிடிப் பேசுற விதம் இருக்கு, இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா இங்க பேசுறது தீர்க்கதரிசியோ யோவானோ இல்லை, கர்த்தரே தன்ர பழைய நிலையை ஞாபகப்படுத்திக் கேட்கிறார். ஒரு திட்டத்துக்கு மகிமை இருந்தது, ஒரு திட்டத்தில பிதா அன்பா இருந்தார் எண்டா அது என்ன அன்பு? அதோட யோவான் 6:38இல 'வானத்திலிருந்து இறங்கிவந்தேன்' எண்டுறார், தன்ர சித்தத்தின்படி இல்லை, அனுப்பினவரின்ர சித்தத்தின்படி செய்ய வந்தது எண்டுறார். பிலிப்பியர் 2ஐப் பாருங்கோ, தேவனுடைய ரூபமாயிருந்தவர் தன்னைத்தானே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து, மனுஷர் சாயலானார். தாழ்த்த வேணுமெண்டு முடிவெடுத்தவர் மனுசனாக முன்னமே முடிவெடுத்திருக்கிறார், அந்தத் தாழ்மைக்காகத் தேவன் அவரை உயர்த்தினார் எண்டு 9ஆம் வசனம் சொல்லுது. இதை எந்தப் பக்கத்தால திருப்பினாலும் ஒரு ஆளாச் சுருக்க ஏலாது.

பவுல் 1 கொரிந்தியர் 8:6இல எழுதினதும் லேசுப்பட்ட வசனம் இல்லை. சிலைகளுக்குப் படைச்சதைச் சாப்பிடலாமோ எண்ட கேள்வி, எங்கட கிறிஸ்தவச் சனம் கோயில் திருவிழா நேரத்தில அயலவை அன்பாத் தாற பிரசாதத்தைப் பற்றி இண்டைக்கும் கேட்கிற அதே கேள்வி. அதுக்குப் பதில் சொல்லேக்க பவுல் 'ஒன்றைத்தவிர வேறொரு தேவன் இல்லை' எண்டு தொடங்கி, பிதாவாகிய ஒரே தேவன் நமக்கு உண்டு, இயேசு கிறிஸ்து என்னும் ஒரே கர்த்தரும் நமக்கு உண்டு, அவர் மூலமாய் சகலமும் உண்டாச்சு எண்டு முடிக்கிறார். யூதன் காலையும் மாலையும் சொல்லுற உபாகமம் 6:4இல இருக்கிற 'தேவன்', 'கர்த்தர்' எண்ட ரெண்டையும் எடுத்து ஒண்டைப் பிதாவுக்கும் ஒண்டைக் குமாரனுக்கும் குடுக்கிறார். ஒருத்தரைக் கூட்டவும் இல்லை, தேவன் ஒருவர் எண்டதை விடவும் இல்லை, அந்த ஒருமைக்குள்ளயே பிதாவையும் இயேசுவையும் வைக்கிறார். இயேசு நாமம் ஆக்கள் காட்டுற அதே வசனத்தை ஒரு பரிசேயனாப் படிச்சு வளந்த பவுல் எப்பிடி விளங்கிக்கொண்டவர் எண்டு இதில பாக்கலாம்.

பரிசுத்த ஆவியைப் பற்றிச் சுருக்கமா: அவர் வெறும் வல்லமை இல்லை, துக்கப்படுத்தப்படுறவர், பேசுறவர், தன்ர சித்தத்தின்படி வரங்களைப் பகிர்ந்து குடுக்கிறவர் (1 கொரிந்தியர் 12:11), எங்களுக்காகப் பிதாவிட்ட வேண்டுதல் செய்யிறவர் (ரோமர் 8). அது காணும் எண்டு நினைக்கிறன்.

எங்கட பக்கத்து ஆக்கள் பாவிக்கக் கூடாத வசனம் ஒண்டும் இருக்கு. 1 யோவான் 5:7, 'பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்' எண்டு நாங்கள் பாவிக்கிற பழைய திருப்புதல்ல இருக்கு. அது ஆரம்பகாலக் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள்ல இல்லை. எராஸ்மஸ் எண்ட அறிஞர் 1516லயும் 1519லயும் அச்சடிச்ச கிரேக்கப் புதிய ஏற்பாட்டில அதைச் சேர்க்கேல்ல, 1522இல தான் சேர்த்தவர். கத்தோலிக்க ஆக்களும் நாங்களும் சேர்ந்து செய்த திருவிவிலியத்தில அந்தப் பகுதி இல்லை. அதை வச்சு வாதாடினா விஷயம் தெரிஞ்ச ஆள் ஒரு நிமிசத்தில உடைச்சுப்போடும், பிறகு நீங்கள் சொல்லுற நல்ல வசனத்தையும் கேளாது. 'நமது சாயலாக மனுஷனை உண்டாக்குவோமாக' எண்ட ஆதியாகமம் 1:26லயும் முழுப் பாரத்தையும் போடாதேங்கோ, தேவன் தூதரோட பேசினார் எண்டு யூதர் அதுக்குப் பழைய காலத்திலயே விளக்கம் சொல்லியிருக்கினம்.

ரோம ராசா கொன்ஸ்டன்டைன் 325இல நிசேயாவில கூடின சபைச் சங்கத்தில திரித்துவத்தை உண்டாக்கினவர் எண்டு அவை சொன்னதாம். இது யூடியூப்ல சுத்துற கதை, சரித்திரம் இல்லை. நிசேயாவில விசாரிச்சது குமாரன் படைக்கப்பட்டவர் எண்டு சொன்ன ஆரியஸின்ர உபதேசத்தை. பிதாவே குமாரன் எண்ட உபதேசம் அதுக்கு நூறு வருசத்துக்கு மேல முந்தியே வந்தது, சிமிர்னாவில நோயேத்தஸ், ரோமில பிராக்சேயஸ், பிறகு சபேலியஸ் எண்டவை அதைச் சொன்னவை, சபைகள் அப்பவே அதைத் தள்ளினது. கார்த்தேஜ் ஊரில இருந்த தெர்த்துல்லியன் எண்ட கிறிஸ்தவ எழுத்தாளர் 213ஆம் ஆண்டளவில பிராக்சேயஸுக்கு எதிராவே ஒரு புத்தகம் எழுதினவர், திரித்துவம் எண்ட சொல்லை லத்தீன்ல பாவிச்சவர். அப்ப கொன்ஸ்டன்டைன் பிறக்கவுமில்லை. கிறிஸ்தவர்களை ரோமர் பிடிச்சுக் கொல்லுற காலம் அது, அந்தச் சபைக்கு அரசாங்கத்துக்காக உபதேசத்தை மாத்த என்ன தேவை?

இப்ப இருக்கிற இயேசு நாமம் உபதேசம் 1913இல அமெரிக்காவில லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் அரோயோ செக்கோ எண்ட இடத்தில நடந்த பெந்தகோஸ்தே முகாமோட தொடங்கினது. அப்போஸ்தலர் இயேசுவின் நாமத்தில தான் ஞானஸ்நானம் குடுத்தவை எண்டு மக்அலிஸ்டர் எண்ட ஊழியர் அங்க பேசினவர், அடுத்த வருசம் பிராங்க் இவார்ட் எண்டவரும் கிளென் குக் எண்டவரும் ஒருத்தருக்கு ஒருத்தர் திருப்பி ஞானஸ்நானம் குடுத்தவை. 1916இல அசெம்பிளிஸ் ஒஃப் கோட் எண்ட பெந்தகோஸ்தே சபை திரித்துவத்தை உறுதிப்படுத்த, 150க்கு மேற்பட்ட ஊழியர்கள் பிரிஞ்சு போச்சினம். ஆகவே பெந்தகோஸ்தே எல்லாம் இதுதான் எண்டும் நினைக்காதேங்கோ, பெந்தகோஸ்தேக்குள்ளயே பெரும்பான்மை திரித்துவத்தைத்தான் நம்புது. புதுசு எண்டதுக்காக மட்டும் ஒரு உபதேசம் பிழையாகாது, அது எனக்குத் தெரியும். ஆனா 1913 வரைக்கும் எத்தினையோ நூற்றாண்டு கிறிஸ்துவுக்காக ரத்தம் சிந்தின ஆக்களின்ர ஞானஸ்நானம் செல்லாது எண்டு சொல்ல முன்னம் ஒருக்கா யோசிக்க வேணும்.

ஞானஸ்நான வாசகம். மத்தேயு 28:19 பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில எண்டு சொல்லுது. அப்போஸ்தலர் 2:38 இயேசுகிறிஸ்துவின் நாமத்தினால எண்டு சொல்லுது. அவை சொல்லுறது, பிதா குமாரன் ஆவி எண்டது பட்டங்கள், அந்தப் பட்டங்களுக்குரிய பேர் இயேசு, அப்போஸ்தலர் அதை விளங்கித்தான் இயேசுவின்ர பேரில குடுத்தவை எண்டு. கெட்டித்தனமான விளக்கம் தான். ஆனா அப்போஸ்தலர் புத்தகத்தில வாசகம் ஒரே மாதிரி இல்லை, 2:38இல இயேசுகிறிஸ்துவின் நாமம், 8:16இல கர்த்தராகிய இயேசுவின் நாமம், 10:48இல கர்த்தருடைய நாமம். ஒரு சொல்லு மாறினா ரட்சிப்புப் போயிடும் எண்டா லூக்கா இப்பிடி மாத்தி மாத்தி எழுதியிருப்பாரா? ஆற்ற அதிகாரத்தில, ஆருக்குச் சொந்தமாக எண்டதைத்தான் லூக்கா சொல்லுறார், யோவான்ஸ்நானகனின்ர ஞானஸ்நானத்திலயிருந்து இதைப் பிரிச்சுக் காட்டுறதுக்கு. எபேசு பட்டணத்தில சில சீஷர், பரிசுத்த ஆவி உண்டெண்டு நாங்கள் கேள்விப்படவே இல்லை எண்டு சொன்ன உடன பவுல் கேட்ட முதல் கேள்வி, அப்ப எந்த ஞானஸ்நானம் எடுத்தனீங்கள் எண்டது (அப்போஸ்தலர் 19:2, 3). சரியான ஞானஸ்நானம் எடுத்தவன் ஆவியைப் பற்றிக் கேள்விப்படாமல் இருக்க ஏலாது எண்டு அவர் நினைச்சிருக்கிறார் பாருங்கோ.

திதாக்கே எண்டு ஒரு பழைய போதனை நூல் இருக்கு, முதலாம் நூற்றாண்டு முடிவு அல்லது இரண்டாம் நூற்றாண்டுத் தொடக்கம். அதில 7ஆம் பகுதியில பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில ஓடுற தண்ணியில ஞானஸ்நானம் குடு எண்டு இருக்கு, அதே நூல் 9ஆம் பகுதியில 'கர்த்தருடைய நாமத்தில ஞானஸ்நானம் பெற்றவை' மட்டும் திருவிருந்தில சேரலாம் எண்டு இருக்கு. ஒரே ஆக்கள், ஒரே ஞானஸ்நானம், ரெண்டு விதமாச் சொல்லியிருக்கினம். உங்கட ஞானஸ்நானம் நிக்கும் தங்கச்சி. 'ஒரே கர்த்தரும், ஒரே விசுவாசமும், ஒரே ஞானஸ்நானமும் உண்டு' (எபேசியர் 4:5). பயத்தில திருப்பிப் போய் இறங்காதேங்கோ.

இதெல்லாம் வெறும் தர்க்கம் தானே, ஒருத்தரோ மூவரோ கும்பிட்டாக் காணும் தானே எண்டு உங்கட அவர் சொன்னதாவும் எழுதியிருக்கிறியள். எனக்கு அப்பிடி இல்லை. ரோமர் 8:32, 'தம்முடைய சொந்தக்குமாரனென்றும் பாராமல் நம்மெல்லாருக்காகவும் அவரை ஒப்புக்கொடுத்தவர்'. இந்த வன்னியில பிள்ளையைப் பறிகுடுத்த தாய் தேப்பன்மாருக்கு அந்த வசனத்தை ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. குமாரன் எண்டது பிதாவே போட்ட ஒரு வேஷம் எண்டா, அங்க ஆர் ஆரைக் குடுத்தது? பிதா ஒண்டையும் இழக்கேல்ல, குமாரனை ஆரும் அனுப்பேல்ல. நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிற சுவிசேஷம், பிதா உண்மையா நேசிச்ச குமாரனை உண்மையாக் குடுத்தது தான். தேவன் அன்பாகவே இருக்கிறார் எண்டு யோவான் எழுதினதும் அப்பத்தான் நிக்கும், ஏனெண்டா நேசிக்க ஒரு உலகமும் ஒரு மனுசனும் இல்லாத நேரத்திலயும் அவர் நேசிச்சுக்கொண்டு தான் இருந்தவர்.

கடைசியாக் கேட்டது, பிள்ளையள் 'இயேசப்பா' எண்டு ஜெபிக்கினம், அது பிழையா, அவை அதைக் காட்டி நீங்களே இயேசுவை அப்பா எண்டு கூப்பிடுறியள் தானே எண்டு கேட்கினம் எண்டது. பிழை இல்லை. எங்கட ஊரில சின்னப் பெடியனையும் 'என்ர அப்பா' எண்டு கொஞ்சுவம், அது செல்லம், உபதேசம் இல்லை. ஸ்தேவானும் 'கர்த்தராகிய இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்' எண்டு நேராக் கூப்பிட்டவர். ஆனா பரமண்டல ஜெபத்தையும் பாடமாக்கிக் குடுங்கோ, இயேசு தானே பிதாவை எப்பிடிக் கூப்பிடப் பழக்கினவர் எண்டு பிள்ளையளுக்குத் தெரிய வேணும். ஒரே ஆவியினால, குமாரன் மூலமா, பிதாவிட்ட சேருறம் எண்டு எபேசியர் 2:18 சொல்லுற வழியும் அதுதான்.

மச்சாள் குடும்பத்தோட கதைக்கிறதை விட்டிடாதேங்கோ. அவை இயேசுவை நேசிக்கிற சனம், சண்டை பிடிச்சுப் பிரியிற அளவுக்கு நீங்களும் போகாதேங்கோ அவையும் போக வேண்டாம். அடுத்த முறை வந்தா வசனத் துண்டுகளை மாறி மாறி எறியாமல், யோவான் 17ஐ 1ஆம் வசனத்திலயிருந்து 26 வரைக்கும் ஒராள் சத்தமா வாசிக்க மற்ற ஆக்கள் கேட்டுக்கொண்டு இருங்கோ, பிறகு உலகம் உண்டாக முன்னம் ஆர் ஆரை நேசிச்சது எண்டு மட்டும் கேளுங்கோ. உடன பதில் சொல்லச் சொல்லி நெருக்காதேங்கோ. அவையின்ர ஊழியர் இருந்து கதைக்க விரும்பினா எனக்குச் சொல்லுங்கோ, நான் மல்லாவிக்கு வாறன்.